வீட்ல தொழில் பண்றோம், வீட்டு இன்சூரன்ஸ் போதுமா?

ஒரு வாசகியோட கேள்வி, 9 ஜூன் 2024

தாம்பரம் பக்கம் வீட்லயே கேக், பிரவுனி செஞ்சு ஆர்டர் எடுக்கறேன். ஓவன், மிக்ஸர், ரெண்டாவது ஃப்ரிட்ஜ்னு மூணு லட்சத்துக்கு மேல சாமான் இருக்கு. ஹவுசிங் லோன் வாங்கினப்ப பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க. அது போதும்தானே? எங்க வீட்டுக்காரர் அதெல்லாம் போதும்ங்கறார்.

10 ஜூன் 2024

போதாது. எங்க வீட்டுக்காரரும் இதே வார்த்தையத்தான் சொன்னார், நானும் ஆறு வருஷம் நம்பிட்டு இருந்தேன்.

நான் மடிப்பாக்கத்துல கிரவுண்ட் ஃப்ளோர் வீட்ல முன் ரூம்ல ஆரி வொர்க், ப்ளவுஸ் தையல் பண்றேன். ரெண்டு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், நாலு ஆரி ஃப்ரேம், உதவிக்கு ரெண்டு பொண்ணுங்க. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் அன்னிக்கு விடிகாலைல கால கீழ வெச்சா ஜில்லுங்குது, விடிஞ்சு பாத்தா முட்டிக்கு மேல தண்ணி. புள்ளைங்கள மாடி வீட்ல விட்டுட்டு திரும்பி வர்றதுக்குள்ள மெஷின் மோட்டார் மூணும் முழுகிடுச்சு. அத விடுங்க, மோட்டார் மாத்திக்கலாம். கீழ் ஷெல்ஃப்ல கஸ்டமருங்க பட்டுப்புடவை பதினோண்ணு இருந்துச்சு, ஃபால்ஸ் அடிக்கவும் ப்ளவுஸ் பிட் வெட்டவும் குடுத்தது. அரக்கு பார்டர் கலர் எல்லாம் புடவையோட உடம்புல ஏறி, அதுல ஒண்ணு தை மாச முகூர்த்தப் புடவை.

பேங்க் போட்டுக் குடுத்த பாலிசிய வெளிய எடுத்து க்ளெய்ம் போட்டோம். சேதத்த மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின சர்வேயர் வந்தார், தன்மையான மனுஷன்தான். "இது என்ன ரூம்மா"ன்னு கேட்டார். நான் பெருமையா "தையல் யூனிட் சார், பன்னெண்டு வருஷமா பண்றேன்"னு சொல்லி, போர்டு கூட காமிச்சேன். அவர் எழுதிக்கிட்டார். நான் எனக்கே எதிரா சாட்சி சொல்லிட்டு இருக்கேன்னு அப்ப தெரியல.

கடைசில கட்டடத்துக்கு மட்டும் வந்துச்சு, ப்ளாஸ்டரிங், வயரிங், ஒரு கதவு. மெஷினுக்கு இல்ல, துணிக்கு இல்ல, புடவைக்கு இல்லவே இல்ல. காரணம் ரெண்டு. ஒண்ணு அந்த பாலிசி கட்டடத்துக்கு மட்டும் போட்டது, லோன் கட்டடத்து மேலதானே, பேங்க்குக்கு அதானே கவலை. ரெண்டாவது, சாமானுக்கும் போட்டிருந்தாலும் வீட்டு சாமான்னா டிவி கட்டில் பீரோதான், வியாபாரச் சரக்கு அதுல சேராதுன்னாங்க.

புடவைங்களுக்கு நான் கைக்காசுதான் குடுத்தேன். எவ்ளோன்னு இங்க போட மனசு வரல.

10 ஜூன் 2024, ராத்திரி

பாதில விட்டுட்டேன், கரண்ட் போயிடுச்சு. கேக் சிஸ்டர், நீங்க மொதல்ல பேங்க் குடுத்த பேப்பர எடுத்து "கண்டெண்ட்ஸ்"னு, அதாவது வீட்டுக்குள்ள இருக்கற சாமானுக்குன்னு, ஒரு வரி இருக்கா, அதுக்கு நேரா தொகை இருக்கா பாருங்க. எங்களுதுல அந்த எடத்துல ஒரு கோடு போட்டிருந்தாங்க. ஆறு வருஷமா அந்தக் கோட்ட யாரும் பாக்கல.

12 ஜூன் 2024

நெறைய பேர் "அப்ப எதப் போடறது"ன்னு கேட்டதால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். 2021 ஏப்ரல் 1லருந்து இந்தியா முழுக்க ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிங்க எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மூணு ஃபயர் பாலிசி கொண்டாந்தாங்க. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா. கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேத்து ஒரே எடத்துல அஞ்சு கோடி வரைக்கும் உள்ள தொழிலுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. அதுக்கு மேல அம்பது கோடி வரைக்கும் லகு உத்யம். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு நடுவுல உள்ள சூக்ஷ்மாதான். ஃபயர் பாலிசின்னு பேரே தவிர வெள்ளம், புயல், இடி, பூகம்பம், மேல்தண்ணி டேங்க் வழியறது, பைப் வெடிக்கறது எல்லாம் உள்ள வரும். திருட்டும் வரும்.

வாடகை வீட்ல இருக்கறவங்க கட்டடத்த விட்டுட்டு மெஷினுக்கும் சரக்குக்கும் மட்டும் போட்டுக்கலாம், வீட்டு ஓனர் கையெழுத்தெல்லாம் வேணாம்.

13 ஜூன் 2024

நேத்து எழுதினதுல ஒண்ணு தப்பு, ஒரு அண்ணா இங்க காதப் புடிச்சு திருகிட்டார். திருட்டு வரும்னு சும்மா சொல்லிட்டேன். வெள்ளமோ தீயோ வந்து, அதத் தொட்டு ஏழு நாளைக்குள்ள சாமான் களவு போனாத்தான் இந்தப் பாலிசி தரும். சும்மா ஒரு நாள் ராத்திரி பூட்ட ஒடச்சு தூக்கிட்டுப் போனா அதுக்கு பர்க்லரி பாலிசி தனியா எடுக்கணும். அதுலயும் பூட்டு ஒடஞ்சதோ ஜன்னல் கம்பி வளஞ்சதோ தடயம் வேணும். கதவத் தெறந்து வெச்சுட்டு மாவு அரைக்கப் போனேன், வந்து பாத்தா மெஷினக் காணோம்னா ஒண்ணும் கெடைக்காது.

இன்னொரு திருத்தம். வீட்டு பாலிசில சாமான் வராதுன்னு நான் சொன்னது எங்க பழைய பாலிசிக்குத்தான் பொருந்தும், அது 2017ல போட்டது. கிருஹ ரக்ஷால கட்டடத்துக்குப் போட்டாலே அந்தத் தொகைல 20 சதவீதம் அளவுக்கு வீட்டு சாமானும் தானா சேந்துக்கும், அதிகபட்சம் பத்து லட்சம். ஆனா கேக் சிஸ்டர் சந்தோஷப்படாதீங்க, உங்க பெரிய ஓவன் அதுல வருமான்னா எனக்கு நம்பிக்கையில்ல. வீட்டுக்கு சமைக்கறவங்க யாரும் அறுபது லிட்டர் ஓவன் வெச்சுக்க மாட்டாங்கன்னு சர்வேயருக்குத் தெரியும்.

13 ஜூன் 2024, மதியம்

"சர்வேயர் கிட்ட வாயத் தொறக்காம இருந்திருந்தா மெஷினுக்கும் வந்திருக்கும்ல அக்கா"ன்னு ஒரு தம்பி. கட்டடத்துக்கு மட்டும்தான்னு பாலிசில கோடு போட்டிருக்கு தம்பி, வாய மூடினாலும் கோடு பேசும். தவிர மூணு பவர் மெஷின எந்தப் பீரோவுக்குப் பின்னாடி ஒளிக்கறது.

18 ஜூன் 2024

ஈபி பயம். இது பத்தி எல்லாரும் தனித்தனியா கேக்கறீங்க, அதனால பொதுவுல சொல்றேன். "தொழில்னு இன்சூரன்ஸ்ல எழுதிக் குடுத்தா ஈபி காரன் வந்து கமர்ஷியலா மாத்திடுவானே, நூறு யூனிட் ஃப்ரீயும் போயிடுமே, வீட்டு வரியும் ஏறுமே, ஓனருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லுவாரே." எனக்கும் இதே பயம்தான், பன்னெண்டு வருஷம் போர்டு கூட உள் பக்கமாத்தான் மாட்டி வெச்சிருந்தேன், ஆர்டர் எல்லாம் வாய்வழியாவும் வாட்ஸப்லயும்தான். ஆனா கணக்குப் போட்டுப் பாத்தேன். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் ஈபி பில்லுல மிச்சம் புடிச்சத பன்னெண்டு வருஷத்துக்குக் கூட்டினாலும், டிசம்பர்ல ஒரே காலைல போனதுல பாதி கூட வரல.

பாலிசி போட்டுக் குடுத்த ஏஜெண்ட் கிட்ட இதக் கேட்டப்ப அவர் சிரிச்சுட்டு, "நாங்க ஈபி ஆபீசுக்கு லெட்டர் போடற ஆளுங்க இல்லம்மா, ஆனா நீங்க எங்க கிட்ட மறைச்சா எங்களுக்குத்தான் சௌகரியம்"னார். இந்த வார்த்தை மனசுல நின்னுடுச்சு. பிரீமியத்த வாங்கிட்டு, க்ளெய்ம் வர்றப்ப "நீங்க சொல்லவே இல்லையே"ன்னு கைய விரிச்சுட்டா முடிஞ்சுது.

(ஈபி விஷயத்துல நான் பண்ணது சரின்னு இப்பவும் நெனைக்கல. ஆகஸ்ட்ல முன் ரூமுக்கு தனி சர்வீஸ் எழுதிக் குடுக்கப் போறேன். வயித்தெரிச்சல்தான்.)

19 ஜூன் 2024

கமர்ஷியல் பத்தி சொன்னதும் முறுக்கு சுத்தற அக்கா ஒருத்தர் கேஸ் சிலிண்டர் இன்சூரன்ஸ் இருக்கே, அது போதாதான்னு கேட்டிருக்காங்க. இருக்கு அக்கா. ஆயில் கம்பெனிங்களே எல்லா வீட்டு கனெக்ஷனுக்கும் சேத்து போட்டு வெச்சிருக்காங்க, நாம தனியா கட்ட வேணாம். சிலிண்டரால விபத்து ஆனா உயிர் போனவங்களுக்கு ஆளுக்கு ஆறு லட்சம், காயத்துக்கு ஆளுக்கு ரெண்டு லட்சம் வரைக்கும், வீடு சாமான் சேதத்துக்கு ரெண்டு லட்சம் வரைக்கும். வீட்டு சேதத்துக்கு கேஸ் புக்ல இருக்கற அட்ரஸ்லயே நடந்திருக்கணும்.

ஆனா அக்கா, நீங்க முறுக்கு போடறது 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர்ல. அது வீட்டு சமையலுக்கு மட்டும்னுதான் சட்டம், யாவாரத்துக்கு 19 கிலோ நீலம் வாங்கணும். நாளைக்கு ஏதாவது ஆகி, வந்து பாக்கறவன் கண்ணுல அம்பது கிலோ மாவும் ரெண்டு பெரிய எண்ணெய்ச் சட்டியும் பட்டா என்ன கேப்பான்னு நீங்களே யோசிங்க. "எங்க வீட்ல முறுக்கு ரொம்ப புடிக்கும் சார்"னு சொல்லலாம்தான்.

2 ஜூலை 2024

நம்மால அடுத்தவங்களுக்கு ஆகற பாதிப்புக்குப் போடற இன்சூரன்ஸ் பத்தி ஒரு சார் இங்க வந்து "பப்ளிக் லயபிலிட்டி 1991லருந்து சட்டப்படி எல்லாருக்கும் கட்டாயம், போடலைன்னா ஜெயில்"னு பயமுறுத்திட்டுப் போயிருக்கார், மூணு பேர் எனக்கு அனுப்பிட்டாங்க. அந்தச் சட்டம் போபால் விஷவாயுவுக்கு அப்பறம் வந்தது சார், ஆபத்தான ரசாயனம் கையாள்ற ஆளுங்களுக்கு. ஜரிகையும் குந்தன் கல்லும் அதுல வராது.

ஆனா கேக் சிஸ்டருக்கு லயபிலிட்டிய நெனச்சுப் பாக்கறது நல்லது. சாப்பாட்டு சாமான், யாருக்காவது ஒத்துக்காம ஆஸ்பத்திரி வரைக்கும் போனா ஃபயர் பாலிசி எட்டிக்கூட பாக்காது, அதுக்கு ப்ராடக்ட் லயபிலிட்டின்னு தனியா இருக்கு. மொதல்ல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) பதிவு இருக்கா? 2024 கணக்குப்படி பன்னெண்டு லட்சத்துக்குள்ள விக்கறவங்களுக்கு வருஷத்துக்கு நூறே ரூபா. அது இல்லாம எந்த கம்பெனிக்காரன் கிட்டயும் பேச ஆரம்பிக்காதீங்க.

சிறு தொழில் பண்றவங்களுக்கான உத்யம் பதிவும் அப்படித்தான், அதுக்கு அஞ்சு பைசா கிடையாது, கவர்மெண்ட் சைட்டு ஃப்ரீ. நான் கூகுள்ல மொதல்ல வந்த சைட்ல போயி ரெண்டாயிரம் ரூபா கட்டினேன். சொல்லவே வெக்கமா இருக்கு, ஆனா இன்னொருத்தர் ஏமாறக் கூடாதுன்னு சொல்றேன்.

7 ஜூலை 2024

என்னோட பாலிசி விவரம் கேட்டீங்க. ஏப்ரல்ல எடுத்தேன். மெஷின், ஃப்ரேம், பர்னிச்சர் மூணு லட்சம், சரக்கு நாலு லட்சம். சரக்குன்னா லைனிங், பீட்ஸ், ஜர்தோசி, குந்தன், சென்னை பாரீஸ் கார்னர்லருந்தும் சௌகார்பேட்டைலருந்தும் வாங்கி வெக்கறது. அது போக ஒரு லட்சம் தனி வரி, கஸ்டமர் துணி. ஃபயரும் பர்க்லரியும் சேத்து, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டியோட வருஷம் நாலாயிரத்துக்குள்ள வந்துச்சு. ஒரு கிராண்ட் ஆரி ப்ளவுஸ் கூலி.

அந்தத் தனி வரி பத்தித்தான் நான் கத்திக் கத்தி சொல்ல வர்றது. அடுத்தவங்க பொருள் நம்ம கைல இருந்தா, தையலோ, அயர்ன் கடையோ, மொபைல் ரிப்பேரோ, பாலிசில அதத் தனியா எழுதலைன்னா அதுக்கு ஒத்த ரூபா கெடையாது. ஏஜெண்டுங்க தானா இதக் கேக்கறதில்ல. எங்கிட்டயும் கேக்கல, நான்தான் பதினோரு புடவை கதைய சொல்லி எழுத வெச்சேன். ஆனா ஒரு லட்சம்ங்கறது பத்துமான்னு அப்பவே உறுத்திச்சு, பிரீமியம் கொறையட்டும்னு விட்டுட்டேன்.

8 ஜூலை 2024

முத்ரா லோன் எடுத்த தம்பிக்கு: சரக்கும் மெஷினும் பேங்க்குக்கு அடமானத்துல இருந்தா பாலிசில பேங்க் பேரும் இருக்கும், க்ளெய்ம் காசு மொதல்ல அவங்களுக்குத்தான் போகும். வந்த காசுல புது மெஷின் வாங்கலாம்னு ப்ளான் போட்டுடாதீங்க.

21 செப்டம்பர் 2024

தொகைய கொறைச்சுப் போடறது பத்தி ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு இங்க, நான் ஊர்ல இல்ல. "மொத்தமுமா எரியப் போகுது, பாதிக்குப் போட்டா போதும்"ங்கறது தப்புக் கணக்கு. வீட்டுக்கான கிருஹ ரக்ஷால அந்தப் பிரச்சன இல்ல, கொறைச்சுப் போட்டிருந்தாலும் போட்ட தொகை வரைக்கும் வெட்டாம குடுப்பாங்க. தொழில் பாலிசில வெட்டுவாங்க. தீபாவளி சீசன்ல எங்கிட்ட சரக்கு ஆறு லட்சம் நிக்கும். பாலிசி நாலு லட்சத்துக்கு. அன்னிக்கு தொண்ணூறாயிரத்துக்கு சேதம்னா, நாலு லட்சத்துக்குள்ளதானே, முழுசா வரும்னு நாம நெனைப்போம். அவங்க ஆறுக்கு நாலுதானே போட்டிருக்கன்னு அறுபதாயிரம்தான் தருவாங்க. பதினஞ்சு சதவீதம் வரைக்கும் கொறஞ்சிருந்தா சூக்ஷ்மால கண்டுக்க மாட்டாங்க, அதத் தாண்டினா வெட்டுதான்.

சரக்குக்கு வாங்கின வெலதான், விக்கற வெல இல்ல. அதே மாதிரி கட்டடத்துக்குப் போடறவங்க ஃப்ளாட் மார்க்கெட் ரேட்ட போடாதீங்க, திரும்பக் கட்ட எவ்ளோ ஆகுமோ அதான், மனை எங்கயும் ஓடிப் போகாது.

சண்டை போட்ட ரெண்டு பேரும் சரிதான், ஒருத்தர் வீட்டு பாலிசிய சொல்றார், ஒருத்தர் கடை பாலிசிய.

22 செப்டம்பர் 2024

நானே ஊருக்கு உபதேசம். நேத்து எழுதி முடிச்சுட்டு ஏஜெண்டுக்கு போன் போட்டு சரக்க ஆறு லட்சமா ஏத்தச் சொன்னேன்.

30 நவம்பர் 2024

இன்னிக்கு ஃபெஞ்சல் புயல். காலைலருந்து கொட்டுது. மெஷின் மோட்டார் எல்லாம் கழட்டி பரண் மேல, புடவை எல்லாம் மாடி வீட்டு பீரோல. பாலிசி இருக்குன்னு நிம்மதியா இருக்கும்னு பாத்தா ராத்திரி தூக்கம் வரல, அது வேற விஷயம் போல. எங்க தெருவுல படி வரைக்கும்தான் வந்துச்சு.

6 மார்ச் 2025

ஒரு க்ளெய்ம் ஆகிப் போச்சு, இந்தத் தடவ வானத்துலருந்து இல்ல, மாடிலருந்து. மேல் வீட்டுக்கு புதுசா வந்த தம்பி மோட்டாரப் போட்டுட்டு வேலைக்குப் போயிட்டான், டேங்க் ரொம்பி வழிஞ்சு சுவத்தோட எறங்கி, என் ஷெல்ஃப் மேலயே. லைனிங் ரோல், ஜர்தோசி பாக்கெட், கஸ்டமர் துணி நாலு.

அன்னிக்கே கம்பெனிக்கு போன், மெயில் ரெண்டும் பண்ணேன். எதையும் தொடைக்கறதுக்கு முன்னாடி வீடியோ எடுத்தேன், மொத தடவ அவசரத்துல எல்லாத்தையும் அள்ளிக் குப்பைல போட்டுட்டு அப்பறம் சர்வேயர்கிட்ட காமிக்க ஒண்ணுமில்லாம நின்னது ஞாபகம் இருந்துச்சு. பில் எல்லாம் பாதிக்குத்தான் இருந்துச்சு, பாரீஸ்ல துண்டுச் சீட்டுலதான் எழுதிக் குடுப்பாங்க. காப்பாத்தினது என் அளவு நோட்டு. யாரு, என்னிக்கு குடுத்தாங்க, என்ன புடவை, என்ன கலர், என்ன வெலன்னு கஸ்டமர் முன்னாடியே எழுதி கையெழுத்து வாங்கற பழக்கம் 2024 தையிலருந்து. சர்வேயர் அத பக்கம் பக்கமா போட்டோ எடுத்தார். கழுத்து ஆழம், கை சுத்தளவு எல்லாம் சேத்து.

29 ஏப்ரல் 2025

காசு வந்துடுச்சு. சரக்குக்கு கேட்டது அம்பத்தி ரெண்டாயிரம், வந்தது நாப்பத்தி ஒண்ணு. சீட்டு இல்லாத பீட்ஸுக்கு வெட்டிட்டாங்க. கஸ்டமர் துணிக்கு முழுசா. மூணு வாரம் வேலை நின்னதுக்கு ஒண்ணும் இல்ல, போன வருமானத்துக்கு இந்த பாலிசில எடமே கெடையாதுன்னாங்க, அது பாலிசிலயும் எழுதித்தான் இருக்கு, நான்தான் அந்தப் பக்கத்த புரட்டல.

வெட்டினதுக்கு சண்டை போடலாமான்னு யோசிச்சேன். மொதல்ல கம்பெனிக்கே எழுதணும், ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிக்கற அதிகாரி, இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் கிட்ட போலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம், அம்பது லட்சம் வரைக்கும் பாப்பாங்க. நம்ம மாதிரி தனி ஆள் நடத்தற தொழிலும் குறுந்தொழிலும் அங்க போலாம், பெரிய கம்பெனிங்கதான் போக முடியாது. பதினோராயிரத்துக்கு, அதுவும் சீட்டு இல்லாத என் தப்புக்கு, போகத் தோணல. 2023ல இது தெரிஞ்சிருந்தா அப்ப போயிருப்பேன். ஒரு வருஷத்துக்குள்ள போகணும், அது தாண்டிப் போச்சு.

3 மே 2025

ஸ்கூட்டில டெலிவரி பண்றது பத்தி ஒரு பொண்ணு கேட்டிருக்கு. உங்க வண்டி பாலிசில "லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"னு ஒரு பத்தி இருக்கும் பாருங்கம்மா, சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏத்தக் கூடாதுன்னு போட்டிருக்கும். கேக் சிஸ்டர், ரெண்டு கிலோ ப்ளாக் ஃபாரஸ்ட் சாம்பிளா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்.

எங்கிட்ட வேலை பாக்கற ரெண்டு பொண்ணுங்களுக்கும் பேங்க்ல இருபது ரூபா சுரக்ஷா பீமா போட வெச்சிருக்கேன், விபத்துல உயிர் போனா ரெண்டு லட்சம். பவர் மெஷின் ஊசி வெரல்ல ஏறினதுக்கெல்லாம் அதுல வராது, அதுக்கு தொழிலாளர் பாலிசி வேற. அத இன்னும் எடுக்கல. எடுக்கணும்.

11 ஜூன் 2025

கேக் சிஸ்டர் வருஷம் கழிச்சு வந்து எழுதியிருக்காங்க, சூக்ஷ்மா எடுத்துட்டாங்களாம், அவங்க வீட்டுக்காரரே ஃபார்ம் ஃபில் பண்ணாராம். ஒரு கேள்வி மட்டும் கேட்டிருக்காங்க, கரண்ட் எகிறி ஓவன் போர்டு போச்சுன்னா வருமான்னு. வராது சிஸ்டர். ஷார்ட் சர்க்யூட்ல அந்த மெஷினே போனா அதுக்கு இல்ல, அதுலருந்து தீ பரவி பக்கத்துல இருக்கறது எரிஞ்சா அதுக்கு உண்டு. ஸ்டெபிலைசர் வாங்குங்க.

அந்த முகூர்த்தப் புடவைக்காரங்க போன வாரம் வந்தாங்க, வளைகாப்புக்கு ப்ளவுஸ். புடவைய நீட்டறப்பவே, "நோட்ட எடுங்கக்கா, நானே எழுதறேன்"னு வெலை காலத்துல பதினெட்டாயிரத்து ஐநூறுன்னு போட்டாங்க. கஸ்டமர் துணி வரிய ஒரு லட்சத்துலருந்து மூணு லட்சமா ஏத்தச் சொல்லி ஏஜெண்டுக்கு அங்கயே மெசேஜ் போட்டேன். மேல் வீட்டு தம்பி டேங்க்குக்கு ஃப்ளோட் வால்வு மாட்டிட்டான், பாதிக் காசு எங்கிட்ட கேக்கறான்.